பதினாறாம் நாள் சேலை

வரட்டும். அவ்வளவுதான் சொன்னாளாம் வடிவு. "அம்மாகிட்ட சொல்லிட்டேன் மாமா, வரட்டும்னாங்க" என்று தங்கச்சி மகள் லோகேஸ்வரி போனில் சொல்லி இன்றோடு பன்னிரண்டு நாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆவுடையப்பன் பன்னிரண்டு நாளும் படாத பாடு பட்டுவிட்டார். வரட்டும் என்றால், பாவம் வரட்டுமே என்றா? வரட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்றா? வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்றா? 'உங்கம்மா எப்படிச் சொன்னா, அதே மாதிரி ஒருக்கா சொல்லிக் காட்டு' என்று அந்தப் பிள்ளையிடம் கேட்கவா முடியும்? கேட்டிருக்கலாம். அறுபத்தாறு வயதில் கூச்சம் வந்து தொலைத்தது. இப்போது கோலாலம்பூரில், தரைக்கு அடியில், காற்றே இல்லாத ஒரு பிளாட்பாரத்து இரும்பு பெஞ்சில், செந்தூல் போகிற ரயிலுக்குக் காத்திருக்கையிலும் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. வரட்டும். மடியில் ஒரு துணிப்பை, பைக்குள் ஒரு சேலை. பெட்டியில் போட்டால் கசங்கும் என்று திருச்சியிலிருந்து விமானத்தில்கூட மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். நல்ல காரியத்துக்கான சேலை இல்லை அது. கோடி. கட்டினவன் செத்துப்போனால் பதினாறாம் நாள் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ புதுச் சேலை கொண்டுபோய்ச் சபையில் அவளுக்குப் போட வேண்டும். பிறந்த வீட்டுக் கோடி விழுந்த பிறகுதான் மற்றவர்கள் போடலாம். வடிவுக்கு இருக்கிறது ஒரே அண்ணன். மாப்பிள்ளை கைலாசம் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. பதினாறாம் நாள் விழ வேண்டிய சேலை இன்றைக்கு, ஆடி அசைந்து, இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. இதை எப்படி நீட்டுவது, எந்த வாயால் என்ன சொல்லி நீட்டுவது, அவள் முகத்தில் விட்டெறிந்தால் குனிந்து எடுப்பதா விட்டுவிட்டு வருவதா, ஒன்றும் தெரியவில்லை. கண் எரிகிறது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. முதுகெலும்பில் ஆணி அடித்தாற்போல ஒரு வலி.

"எவ்வளவு நேரம் வே இன்னும்?" என்றார் பக்கத்தில் இருந்த தேவசகாயம். "போர்டுல இருவது நிமிஷம்னு போட்டிருக்கு." "அப்பமும் இருவதுதான போட்டிருந்தான்." "அப்பம் இருவத்தாறு." தேவசகாயம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். பாளையங்கோட்டையில் முப்பத்துநாலு வருஷம் டிராயிங் மாஸ்டர். ரெண்டு முழங்காலும் போய்விட்டது. மாடிப்படி என்றாலே முகம் சுண்டிவிடும். அப்படிப்பட்ட மனுஷன், ஆவுடையப்பன் டிக்கெட் போடப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கே "நானும் வாரேன் வே" என்று ஒற்றைக்காலில் நின்றார். "உமக்கு அங்க யாரு இருக்கா?" என்றால், "வடிவு எனக்கும் தங்கச்சிதான வே" என்று ஒரு பதில். சரி வரட்டும், தனியாகப் போய் அவமானப்படுவதற்குப் பதில் சாட்சியோடு போய் அவமானப்படலாம் என்று இவரும் விட்டுவிட்டார். ஆனால் ஆள் கிளம்பினதிலிருந்து சரியில்லை. ஜவுளிக்கடையில் சேலை எடுக்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "சேலை எதுக்கு வே? அல்வா வாங்கிட்டுப் போவோம். பிள்ளைகளுக்கு ஏதாவது துணி எடும்." கோடி போடப் போகிறவனிடம் அல்வா வாங்கு என்கிறான் பாருங்கள்! சர்ச்சுக்குப் போகிற வேதக்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டார். தெரியாதவரும் இல்லை. சின்ன வயதிலிருந்து இவர்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றிலும் பந்தி பரிமாறினவர்தான். அப்புறம் திருச்சி ஏர்போர்ட்டில் ஒரு தடவை, விமானத்தில் ஒரு தடவை, "ஒரு விஷயம் வே..." என்று ஆரம்பித்துவிட்டு, "ஒண்ணுமில்ல, தூங்கும்" என்று திரும்பிக்கொண்டார். பாத்ரூம் போக வேண்டும்போல, சொல்லக் கூச்சப்படுகிறார் என்று ஆவுடையப்பன் விட்டுவிட்டார். அவரவர் பாடு அவரவருக்கு.

பாஸ்போர்ட்டை நினைக்கக் கூடாது என்று நினைத்தார். நினைக்கக் கூடாது என்று நினைத்த உடனே அது வந்துவிட்டது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம். அவர் வாழ்க்கை முழுக்க மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வால்வு திறந்துவிட்டவர். ரிட்டயர் ஆன பிறகும் நாலரைக்கு முழிப்பு வந்துவிடும். முழித்துப் படுத்திருக்கும்போது போன். லோகேஸ்வரி. "மாமா, அப்பா போயிட்டாங்க." அழுகைக்கு நடுவில், "நீங்க வருவீங்கல்ல? பதினாறுக்காவது வந்துருங்க மாமா, அம்மாவுக்கு வேற யாரு இருக்கா" என்றாள். "வாரேம்மா, வராம இருப்பனா" என்றுதான் சொன்னார். மனதாரச் சொன்னார். எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்து, வீட்டுப் பத்திரத்துக்கு அடியில் கிடந்த பாஸ்போர்ட்டை எடுத்து, கண்ணாடி போட்டுப் பார்த்தால், காலாவதியாகி ஏழு மாதம். அப்பாடா. அந்த அப்பாடாதான். ஐயோ போச்சே என்று வரவில்லை. கைலாசத்துக்காகக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. நெஞ்சுக்குள் இருந்து தெளிவாக, சத்தமில்லாமல், அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. நாலு நாளில் புது பாஸ்போர்ட் கொடுக்கிற வழி இருக்கிறது என்று அவருக்கே தெரியும். பதினாறு நாள் கையில் இருந்தது. அவர் ஆபீஸ் பக்கமே போகவில்லை. "பாஸ்போர்ட் போச்சும்மா, கவர்மெண்டு காரியம், உடனே முடியாது" என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னார். எல்லோரிடமும் அதையே சொன்னார். சொல்லச் சொல்ல அதுவே நிஜம்போல ஆகிவிட்டது. இந்த அப்பாடா மட்டும் அழியவில்லை. போன மாசியில் நெஞ்சுவலி வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு, எனக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் வடிவு வருவாளா என்று ஒரு கேள்வி வந்தது. வரமாட்டாள். எப்படி வருவாள்? அவளுக்கும் ஒரு பாஸ்போர்ட் இருக்கும், அதுவும் காலாவதி ஆகியிருக்கும். டிஸ்சார்ஜ் ஆன மறுவாரமே புதுசுக்கு எழுதிப்போட்டார். என்ன பிரயோஜனம்? அந்தக் காலை நாலரை மணிக்கு எவன் எழுதிப்போடுவான்?

அதற்கும் முன்னால் பத்திரிகை. எல்லாம் அந்தக் கல்யாணப் பத்திரிகையில் வந்த வினை. மகள் கல்யாணத்துக்கு, பன்னிரண்டு வருஷம் முன்னால், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு, சித்தப்பா, பெரியப்பா, மச்சினன், ஒன்றுவிட்ட மச்சினன் என்று பதினெட்டுப் பேர். அதில் கைலாசம் இல்லை. மணப்பெண்ணின் சொந்த அத்தை புருஷன், மலேசியாவிலிருந்து குடும்பத்தோடு டிக்கெட் போட்டு வந்து இறங்கின மனுஷன், பத்திரிகையை வாங்கி மேலிருந்து கீழே படித்தார், கீழிருந்து மேலே படித்தார், மடித்து வைத்தார். முகூர்த்தத்துக்கு முன்னாலேயே பெட்டியைக் கட்டிவிட்டார். அன்றைக்குத்தான் வடிவும் பேச்சை விட்டது. அச்சுக்கூடத்தான் விட்டுவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னார் ஆவுடையப்பன். அச்சுக்கூடத்தான் புரூப் கொடுத்தானே! இவர்தானே பார்த்தார். பார்த்தபோது பேர் இல்லாதது கண்ணில் பட்டதே. பட்டது. சாயங்காலம் ஏழு மணி, வீட்டில் பந்தல்காரன் காத்திருக்கிறான், மறுபடி அச்சுக் கோக்க ஒரு நாள் ஆகும் என்கிறார்கள், வெளிநாட்டில் இருக்கிறவர் எங்கே வந்து பார்க்கப்போகிறார், அப்படியே வந்தாலும் நம்ம மாப்பிள்ளைதானே சொல்லிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு சோம்பல். கெடுதல் நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. ஆனால் கெடுதல் நினைத்துச் செய்திருந்தால்கூட இவ்வளவு ஆகியிருக்காது. சோம்பேறி, சுத்தச் சோம்பேறி, ஒரு பேரைச் சேர்க்கச் சோம்பல், ஒரு ஆபீசுக்குப் போகச் சோம்பல், இவன் எல்லாம் ஒரு அண்ணன்! "என்ன வே முனகுதீரு?" என்றார் தேவசகாயம். "ஒண்ணுமில்ல." "ஒரு விஷயம் வே..." "என்ன?" தேவசகாயம் வாயைத் திறந்தார். அதற்குள் தண்டவாளத்துப் பக்கமிருந்து காற்று தள்ளிக்கொண்டு ரயில் வந்துவிட்டது.

அவசரத்தில் முன்னால் நின்ற பெட்டியில் ஏறி, கிடைத்த இடத்தில் ரெண்டு பேரும் தொப்பென்று உட்கார்ந்தார்கள். ஏசிக் காற்று பட்டதும் உடம்பு அப்படியே கரைந்து போகிறாற்போல இருந்தது. இதே மாதிரி உட்கார்ந்து, எங்கும் இறங்காமல், போய்க்கொண்டே இருந்தால் நன்றாக இருக்கும். எதிரே ஒரு மலாய்க்கார அம்மாள், தலையில் துணி சுற்றினவள், சிரித்தபடி கதவுக்கு மேலே கையைக் காட்டினாள். ரோஸ் நிறத்தில் ஒரு படம். பாவாடை போட்ட பொம்பளைப் பொம்மை. பெட்டி முழுக்கப் பொம்பளைகள். "பொம்பளையாளு பெட்டி வே!" என்று தேவசகாயம் பதறி எழ, ஆவுடையப்பன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழ, அந்தம்மாள் இவருடைய நரைத்த தலையையும் அவருடைய முழங்காலையும் பார்த்துவிட்டு, பரவாயில்லை உட்காருங்கள் என்பதுபோலக் கையை ஆட்டினாள். உட்காரவா முடியும்? நடந்து அடுத்த பெட்டிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அங்கே இடம் இல்லை. தேவசகாயம் சிரித்தார். ஆவுடையப்பனுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. துட்டி கேட்கப் போகிறவனுக்கு என்ன சிரிப்பு? துட்டிதானே இது. ஒன்றரை வருஷம் ஆனாலும் முதல் தடவை போகிறபோது துட்டி வீடுதானே. சாவு வீட்டில் 'வாங்க' என்று சொல்ல மாட்டார்கள். புறப்படும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லவும் கூடாது. பேசாமல் போய், கையை நீட்டி, பேசாமல் உட்கார்ந்து, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். அப்படியென்றால் வடிவு கதவைத் திறந்து வா என்று சொல்லாவிட்டால்? அது துட்டிக்காகச் சொல்லாததா, என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லாததா? எப்படிக் கண்டுபிடிப்பது? போன மனுஷனுக்காக வாயை மூடியிருக்கிறாளா, வந்த மனுஷனுக்காக வாயை மூடியிருக்கிறாளா? ஜன்னலுக்கு வெளியே கண்ணாடிக் கட்டடங்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. இவ்வளவு பெரிய ஊரில் முப்பத்தைந்து வருஷம் இருந்திருக்கிறாள். இவர் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை. கல்யாணம் முடிந்து அவளை ஏற்றிவிட்டபோது, "வருஷம் ஒருக்கா வாரேன்" என்று இவர்தான் சொன்னார். அப்போது தலைநிறையப் பூவோடு, அரக்குப் பட்டில், அழுதுகொண்டு நின்றாள். வடிவுக்கு என்ன கலர் பிடிக்கும்? திடீரென்று வந்தது இந்தக் கேள்வி. யோசித்து யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. பைக்குள் இருப்பது சாம்பல் நிறம், சின்னக் கரை. கடைப்பையன் ரெண்டு மூன்று கலர் காட்டினபோது, புருஷன் இல்லாதவளுக்கு இதுதான் அடக்கமாக இருக்கும் என்று இவர்தான் எடுத்தார். தேவசகாயம் அந்தச் சேலையைப் பார்த்துவிட்டுக் கடை வாசலுக்குப் போய்விட்டார். அது ஏன் என்று இப்போது தோன்றியது. கேட்கலாமென்று திரும்பினால் அவர் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். கிழடு தட்டிவிட்டது பாவம். எல்லாருக்கும் தட்டிவிட்டது.

செந்தூலில் இறங்கி, லோகேஸ்வரி போனில் எழுதி அனுப்பினபடி பாலத்தைக் கடந்து, ஒரு சீனன் கடை, ஒரு பிள்ளையார் கோயில், அப்புறம் வரிசையாக நிற்கிற மஞ்சள் அடுக்குமாடியில் மூன்றாவது. லிப்டில் ஏறினார்கள். ஒன்பதாவது மாடி. நீளமான வராந்தா, வீட்டுக்கு வீடு கதவுக்கு வெளியே ஒரு இரும்பு கிரில், கிரிலில் பூட்டு. ஒரு வீட்டு வாசலில் துளசித் தொட்டி. அதுதான். தேவசகாயம் இவர் முழங்கையைப் பிடித்தார். "வே, அந்தச் சேலைய இப்பம் எடுக்காதேயும். நான் சொல்லுதத கேளும்." "எதுக்கு வந்திருக்கேன் நான்?" "எடுக்காதேயும்னா எடுக்காதேயும்." அதற்குள் உள்கதவு திறந்துவிட்டது. சத்தம் கேட்டிருக்கும். கிரிலுக்கு அந்தப் பக்கம் வடிவு. முடி முழுக்க வெளுத்து, கண்ணாடி போட்டு, அம்மாவைப் போலவே ஆகிவிட்டிருந்தாள். கட்டியிருந்தது வாழைக்குருத்துப் பச்சையில் ஒரு சேலை, அரக்குக் கரை. வா என்று சொல்லவில்லை. பூட்டைத் திறக்கவும் இல்லை. கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள். ஆவுடையப்பன் துட்டி கேட்கிற மாதிரி ரெண்டு கையையும் நீட்டினார். கிரில் கம்பியில் போய் இடித்தது.

"பாத்தியாண்ணே" என்றாள் வடிவு. சேலைத் தலைப்பைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். "நீ அனுப்புன கோடி. இன்னைக்கு நீ வாரேன்னு எடுத்துக் கட்டிக்கிட்டேன்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பச்சைச் சேலையைப் பார்த்தார். முழங்கையில் தொங்கிய பையைப் பார்த்தார். திரும்பிப் பார்த்தார். தேவசகாயம் தலையைக் குனிந்து துளசித் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார், அதில் என்னவோ படம் வரையப்போகிறவர் மாதிரி. அட, படுபாவி! இதற்குத்தானா முழங்காலைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாய். இதற்குத்தானா அல்வா. ஆமாம் என்று சொல்லிவிடலாம். நான்தான் அனுப்பினேன் என்று ஒரு வார்த்தை, பூட்டுத் திறந்துவிடும், உள்ளே போய் ஒரு வாய் தண்ணி குடித்துவிட்டு உட்காரலாம். எவ்வளவு அசதி! தேவசகாயமும் அதைத்தான் கெஞ்சுகிறார், தொட்டியைப் பார்த்துக்கொண்டே. சோம்பல் வந்து மறுபடி மெதுவாகத் தோளில் கை போட்டது. போகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம் என்றது.

"நான் அனுப்பலம்மா" என்றார் ஆவுடையப்பன். சொல்லிவிட்டுக் கிரிலைப் பிடித்துக்கொண்டார். "நான் ஒண்ணுமே அனுப்பல. பாஸ்போர்ட் இல்லன்னு சொன்னதும் பாதிப் பொய்யி. எடுத்திருக்கலாம். எடுக்கல. இல்லன்னு தெரிஞ்சப்பம் எனக்கு நிம்மதியா இருந்துச்சு வடிவு. மாப்பிள்ளை செத்துக் கெடக்காரு, எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

தேவசகாயம், "எதுக்கு வே இதெல்லாம்" என்று முனகினார்.

"தெரியும்" என்றாள் வடிவு.

"என்ன தெரியும்?"

"நீ அனுப்பலன்னு தெரியும். ஒனக்கு இந்தக் கலரு எடுக்க வருமா? பாவாடை தாவணி போட்ட காலத்துலயே பொங்கலுக்கு நீ எடுத்தாந்தது எல்லாம் மண்ணு நெறம். நான் அழுதுக்கிட்டே கட்டுவேன். அண்ணாச்சிதான், தங்கச்சிக்குப் பச்சை எடும் வேன்னு சொல்லுவாக." அவள் தேவசகாயத்தைப் பார்த்தாள். அவர் இன்னும் நிமிரவில்லை.

"தெரிஞ்சும் எதுக்கு வாங்கிக்கிட்ட?"

வடிவு கண்ணாடியைக் கழற்றித் தலைப்பில் துடைத்தாள். "பதினாறாம் நாளு, நடு வீட்டுல என்னைய ஒக்கார வச்சிட்டு, பொறந்த வீட்டுலருந்து யாரு வந்திருக்கான்னு கேட்டாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கல. ரெண்டு தடவ கேட்டாங்க. லோகா அப்பா பக்கத்துச் சொந்தம் அத்தனையும் என் மூஞ்சியவே பாக்குது. அன்னைக்குக் காலையிலதான் தபால்ல வந்திருந்துச்சு. லோகா எந்திச்சுப் போயி அந்தப் பொட்டலத்த எடுத்தாந்து, மேல இருந்த பேரச் சத்தமா படிச்சா. ஆவுடையப்பன், திருநெல்வேலின்னு. அது போதும்னு கட்டிக்கிட்டேன். ஒன் பேரு போட்டிருந்துச்சுல்லா."

வராந்தாவில் யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. ஆவுடையப்பன் அழுதார். மாப்பிள்ளைக்கு வராத அழுகை, ஒன்றரை வருஷம் கழித்து, முன்பின் தெரியாத ஊரில், பக்கத்து வீட்டுச் சீனத்தி கதவைத் திறந்து எட்டிப்பார்க்கிற அளவுக்கு வந்தது. பேர் விட்டுப்போனதற்காகப் போனவள், பேருக்காகக் கட்டிக்கொண்டிருக்கிறாள். கிரிலுக்கு அந்தப் பக்கம் அவளும் அழுதாள். கொஞ்ச நேரம் அழட்டும் என்று விட்டுவிட்டு, தேவசகாயம் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"பையில என்ன?" என்றாள் வடிவு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஒண்ணுமில்ல."

"குடு."

"கோடி ரெண்டு தடவ போடக் கூடாதும்மா."

"கோடி விழுந்தாச்சு. குடுன்னா குடு."

கம்பிக்கு நடுவில் பை போகவில்லை. சேலையை மட்டும் உருவி நீட்டினார். வாங்கிப் பிரித்தாள். வெளிச்சத்தில் பிடித்து, அந்தப் பக்கம் திருப்பி, இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இத எவ கட்டுவா?" என்றாள். "சாம்பல அள்ளிக் கொட்டுன மாதிரி. நீ மாறவே மாட்டியாண்ணே?" சொல்லிவிட்டு அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். சாவியை எடுக்க உள்ளே போனாள். பூட்டு திறக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கிரிலைத் தள்ளிவிட்டு, "அண்ணாச்சியத் தூக்கி விடு, தரை சில்லுனு இருக்கு" என்றாள். அப்புறம் ஒரு பக்கமாக விலகி நின்று, "வாண்ணே" என்றாள்.